கரையோரப் பொறியியலில் முழு நிதியுதவியுடன் கலாநிதி ஆய்வு செய்வது எப்படி?

உப்புவெளிப் பட்டதாரி எழுதியது:

வணக்கம். நான் குடிசார் பொறியியலில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் முடித்து, இரண்டு ஆண்டுகளாகத் திருகோணமலையில் கட்டுமானத் துறையில் வேலை செய்கிறேன். மார்கழியில் வாடைக்காற்றோடு எழும் அலை எங்கள் கரையை அரிப்பதையும், சித்திரைக்குப் பின்னர் கடல் அடங்கியதும் மணல் திரும்பி வந்து கரை அகலுவதையும் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவள் என்பதால், அலையையும் மணலையும் பற்றியே ஆய்வு செய்ய விரும்புகிறேன். சொந்தச் செலவில் வெளிநாடு செல்ல எங்கள் வீட்டில் வசதியில்லை. முதுமாணிப் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?

மூதூரான் எழுதியது:

தங்கச்சி, புலமைப்பரிசில் என்ற சொல்லை மட்டும் வைத்துத் தேடினால் பாதி வாய்ப்புகள் கண்ணில் படாமலே போய்விடும். நெதர்லாந்தில் கலாநிதி ஆய்வாளர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியராகவே நான்கு ஆண்டுகள் சம்பளம் பெறுகிறார். ஆகவே டெல்ஃப்ட் போன்ற பல்கலைக்கழகங்களில் அந்த இடங்கள் வேலைவாய்ப்பு அறிவித்தலாகத்தான் வெளிவரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி கலாநிதி வலையமைப்புகளும் சம்பளம் தருபவையே. அவற்றுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் ஆய்வுக்குச் சேரப்போகும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்பதால், இலங்கையில் இருந்து போகிறவருக்கு அந்த விதி தடையாக இராது. நெதர்லாந்தில் பொதுவாக முதுமாணி கேட்பார்கள். அமெரிக்காவிலோ நல்ல பெறுபேறுள்ள நான்கு ஆண்டுப் பட்டத்துடன் நேரடியாகச் சேர்த்துக்கொண்டு, ஆய்வு உதவியாளர் பதவியின் மூலம் கட்டணத்தையும் மாதப் படியையும் தரும் துறைகள் பல உண்டு. அவுஸ்திரேலியாவுக்குப் போவதென்றால், அனுமதிக் கடிதத்தில் கட்டண விலக்கு மட்டுமா, வாழ்க்கைப் படியும் உண்டா, கட்டாய மருத்துவக் காப்புறுதியை யார் செலுத்துவது என்பவற்றை வரிக்கு வரி பாருங்கள்.

முதல் ஆண்டில் நான் 40 பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன்; பதில் எழுதியவர்கள் 2 பேர்தான். அடுத்த ஆண்டு 6 பேரைத் தெரிந்தெடுத்து, அவர்களுடைய கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். அதில் 4 பேர் பதில் தந்தார்கள்.

விரிவுரையாளர் ஒருவர் எழுதியது:

மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் கடிதத்தில் எதை எழுதுவது என்பதே பெரிய கேள்வி, அதற்கான விடை உங்கள் வாசலிலேயே இருக்கிறது. மகாவலி கொட்டியார்க்குடாவில் கடலோடு கலக்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் பொல்கொல்ல அணை 1976 இலும் விக்டோரியா அணை 1985 இலும் வந்த பின்னர், ஆறு குடாவுக்குக் கொண்டுவரும் மணல் என்ன ஆனது, அது கரையில் எவ்வாறு தெரிகிறது என்று கேட்கலாம். குடாவுக்குள்ளேயே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு இருப்பதால், வந்த மணலில் எவ்வளவு கரையில் தங்குகிறது என்ற கேள்வியும் கூடவே எழும். இதற்குப் பணம் தேவையில்லை. லாண்ட்சாட், சென்டினல்-2 செய்மதிப் படங்கள் இலவசம். அலைக் கணிப்புக்கான ஸ்வான், எக்ஸ்பீச் மென்பொருள்களும் இலவசம். இவற்றை ஆறு மாதம் பழகி வையுங்கள்.

உப்புவெளிப் பட்டதாரி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. களத்தில் அளந்த தரவு ஏதும் என்னிடம் இல்லையே, அது குறையாகுமா?

மூதூரான் எழுதியது:

இன்றே தொடங்கலாம். கரையில் அசையாத ஒரு தென்னையையோ மதில் மூலையையோ குறியாக வைத்து, அங்கிருந்து நீர் விளிம்பு வரை நாடாவால் அளந்து, மட்டமானியால் மணலின் உயரத்தையும் எடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் திரும்பச் செய்யுங்கள். வாடை தொடங்குமுன் எடுத்த அளவும், தை முடிய எடுத்த அளவும் இருந்தால் அதுவே ஒரு வரைபடம். ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் வற்றுப்பெருக்கின் நிலையையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. நேர்முகத்தில் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான்.