ரேடியேட்டருக்கு எந்த ஃபேன்: ஏர்ஃப்ளோவா, ஸ்டேட்டிக் பிரஷரா?

கேள்வி:
புது கம்ப்யூட்டர் கேஸில் முன்பக்கம் தண்ணீர்க் கூலிங்குக்கான 240 மிமீ ரேடியேட்டர், பின்பக்கம் ஒரு 120 மிமீ ஃபேன் போடப் போகிறேன். முன்னால் மெஷ், டஸ்ட் ஃபில்டர் இரண்டும் உண்டு. நாக்டுவா என்எஃப்-எஸ்12ஏ ஃபேன் 1200 ஆர்பிஎம்மிலேயே 63 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று தள்ளும் என்று போட்டிருக்கிறார்கள், என்எஃப்-ஏ12எக்ஸ்25 2000 ஆர்பிஎம்மில் சுற்றியும் 60தான். அப்படியானால் எஸ்12ஏ-வையே எல்லா இடத்திலும் போட்டால் என்ன?

பதில் 1:
ரேடியேட்டரில் வேண்டாம். அந்த 63 முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் அளந்தது, ஸ்டேட்டிக் பிரஷர் (தடையை எதிர்த்துக் காற்றைத் தள்ளும் அழுத்தம்) எண்ணோ காற்று போக வழியே இல்லாமல் அடைத்து வைத்து அளந்தது. உங்கள் ஃபேன் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் ஓடும். ஃபில்டர், மெஷ், ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகள் எல்லாவற்றையும் தாண்டித் தள்ள வேண்டும், எஸ்12ஏ-வின் உச்ச அழுத்தமோ 1.19 மிமீ நீர் மட்டம்தான். ஏ12-க்கு 2.34.

பதில் 2:
முடிவு சரி, ஆனால் அந்த ஒப்பீட்டில் எனக்கு உடன்பாடில்லை. ஃபேனின் காற்றளவு வேகத்தோடு நேராக ஏறும், அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். ஏ12-ஐ 1200-க்கு இறக்கினால் 2.34 ஏறக்குறைய 0.84 ஆகிவிடும், அதாவது எஸ்12ஏ-வை விடக் குறைவு! அதனால் பெட்டியில் உள்ள உச்ச எண்களை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், காற்றளவையும் அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும் பி-க்யூ வளைகோட்டைத் தேடிப் பாருங்கள். இந்த வகை ஃபேன்கள் பலவற்றில் தடை கூடும்போது இறக்கையை ஒட்டி ஓடும் காற்று பிய்ந்து, கோடு நடுவில் பள்ளமாக இறங்கும். ரேடியேட்டர் அந்தப் பள்ளத்தில் கொண்டு போய் நிறுத்திவிட்டால் இரு முனையிலும் எண் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை, இரைச்சல் வேறு கூடும்.

கேள்வி கேட்டவர்:
ஓ, வேகத்தைப் பார்க்காமல் ஒப்பிட்டுவிட்டேன். சரி, முன்னால் ஏ12 இரண்டு. பின்னால் எஸ்12ஏ போடலாமா?

பதில் 3:
தாராளமாக. பின்பக்கக் கிரில் நல்ல திறப்பாக இருந்தால் அங்கே தடை குறைவு, எஸ்12ஏ-வுக்கு ஏற்ற இடம் அதுதான். அப்புறம் ரேடியேட்டரைச் சுற்றிக் கேஸில் இடைவெளி இருந்தால் ஃபோம் பட்டை ஒட்டி அடைத்துவிடுங்கள். காற்று எப்போதும் எளிதான வழியையே பிடிக்கும், உள்ளே சூடான காற்று அந்தச் சந்து வழியாக முன்பக்கம் வந்து மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். ஃபில்டரையும் அவ்வப்போது கழுவுங்கள், தூசி அடைத்தால் எந்த ஃபேனும் திணறத்தான் செய்யும்.