பிளக் பாயின்ட்டில் கருகல் வாடை, மெயினை மறுபடி போடலாமா?

நேற்று ராத்திரி சமையலறையில் மீன் அழுகியது போல ஒரு வாடை. குப்பைத் தொட்டியைக் கழுவி வைத்தும் போகவில்லை. அப்புறம்தான் இன்டக்‌ஷன் அடுப்பின் பிளக் பாயின்ட்டில் 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் கேட்டது. பிளேட்டின் ஓரம் பழுப்பேறி லேசாக உருகியிருந்தது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே சூடு. அம்மா பிளக்கைப் பிடுங்கப் போனார். நல்லவேளை, தடுத்துவிட்டு மெயினை அணைத்தேன்.

எலெக்ட்ரீஷியன் நாளைதான் வருவார். அதுவரை அந்த லைனின் எம்சிபியை (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) மட்டும் இறக்கிவிட்டு மற்றதைப் போடலாமா? இவ்வளவு சூடாகியும் எம்சிபி விழவில்லையே, ஒயர் லூசாக இருப்பதுதான் காரணமா? கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறது, அதுவும் அசையவில்லை. இதுதான் எனக்குப் பெரிய பயம்.

பகலில் அம்மா தனியாக இருப்பார். "ஷாக் அடித்தவரைத் தொடாதே, முதலில் மெயினை அணை. கரண்ட் தீயில் தண்ணீர் ஊற்றாதே" என்று பெரிய எழுத்தில் எழுதி மெயின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். வேறென்ன சேர்க்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.