படகுக்குப் புது சுவிட்ச் பேனல் செய்தேன். ஆறையும் போட்டால் ஆறு பல்பும் அணைகிறது

அலைமேல்:
பழைய படகு, 12 வோல்ட். சுவிட்ச் பேனல் வெயிலில் வெடித்துவிட்டது. அதே அளவு புது பேனல் எங்கும் கிடைக்காததால், 5 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் நானே வெட்டினேன். சுவிட்சுகள் பழையவைதான், உள்ளே சின்ன பல்பு இருக்கும் சாய்வு சுவிட்ச். வழிவிளக்கு, நங்கூர விளக்கு, கேபின் விளக்கு, டெக் விளக்கு, தண்ணீர் பம்ப், படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் என ஆறு.

விளக்கு, பம்ப் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. சுவிட்சுக்குள் இருக்கும் பல்புகள்தான் பேயாட்டம் ஆடுகின்றன. ஒன்றைப் போட்டால் அது மட்டும் எரிகிறது. மூன்றைப் போட்டால் ஆறுமே மங்கலாக எரிகின்றன. நான்கைப் போட்டால், போடாத இரண்டும் போட்ட நான்கைவிடப் பளிச்சென்று எரிகின்றன! ஆறையும் போட்டால் மொத்தமும் இருட்டு. ஒயரைப் பலமுறை பார்த்துவிட்டேன், பிளஸ் ஒயர் எல்லாம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. என்ன தப்பு செய்தேன்?

கட்டுமரம்:
பேட்டரி இறங்கியிருக்கும். இல்லையென்றால் சுவிட்சுக்குள் உப்புத்தண்ணீர் போயிருக்கும். ஆறையும் மாற்றிப் பாருங்கள்.

அலைமேல்:
பேட்டரி 12.6 காட்டுகிறது. ஆறும் ஒரே நேரத்தில் கெடுமா?

சங்கிலிப்பிடி:
சுவிட்சை மாற்றிக் காசை வீணாக்காதீர்கள். பழைய பேனலின் பின்பக்கம் என்ன இருந்தது? செம்புப் பட்டை ஏதாவது, அல்லது சுவிட்சுக்குச் சுவிட்ச் தாவிப் போகும் மெல்லிய கருப்பு ஒயர்?

அலைமேல்:
கருப்பு ஒயர் இருந்தது. ஆறு சுவிட்சையும் ஒன்றோடொன்று இணைத்திருந்தது. அதை அப்படியே புதுப் பேனலிலும் வைத்திருக்கிறேன். ஒரு முனை மட்டும் எங்கும் போகாமல் தொங்கியது. தேவையில்லை என்று வெட்டிவிட்டேன்.

சங்கிலிப்பிடி:
அகப்பட்டது. அதுதான் பல்புகளுக்கான மைனஸ்.

விளக்குக்கும் பம்புக்கும் தனி மைனஸ் ஒயர் நேரே பேட்டரிக்குப் போகிறது. அதனால் அவை தப்பித்தன. சுவிட்சுக்குள் இருக்கும் பல்புக்கு அந்தக் கருப்பு ஒயர் ஒன்றுதான் வழி. அதை வெட்டியதும் மின்சாரம் வேறு வழி தேடுகிறது: போட்ட சுவிட்சின் பல்பு வழியாகக் கருப்பு ஒயருக்கு வந்து, போடாத சுவிட்சின் பல்புக்குள் பின்பக்கமாக ஏறி, அங்கிருந்து டெக் விளக்கோ பம்போ வழியாக மைனஸைச் சேர்கிறது. இரண்டு பல்புகள் வரிசையில் மாட்டியது மாதிரி 12 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மூன்று போட்டு மூன்று போடாமல் இருந்தால் ஆளுக்குப் பாதி. நான்கு போட்டால், அந்த நான்கு பல்புகளின் மின்சாரமும் மிச்சம் இரண்டின் வழியாகத்தான் போக வேண்டும், அதனால் அவை பிரகாசம். ஆறையும் போட்டால் எல்லாப் பல்பின் இரண்டு முனையிலும் பிளஸ், போக வழியே இல்லை, இருட்டு.

சோதிக்க இரண்டு வழி. மூன்று சுவிட்சைப் போட்டுவிட்டு, கருப்பு ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 6 வோல்ட் பக்கம் காட்டும். அல்லது, அதே நிலையில், அணைந்திருக்கும் டெக் விளக்கின் ஒயரைப் பேனலிலிருந்து உருவுங்கள். அந்தச் சுவிட்சின் பல்பு மட்டும் அணைந்துவிடும்.

உங்கள் சுவிட்சில் எல்.இ.டி. இருந்திருந்தால் இந்த வேடிக்கை நடந்திருக்காது. அது பின்பக்கமாக மின்சாரத்தை விடாது, சும்மா எரியாமல் கிடந்திருக்கும்.

அலைமேல்:
5.8 காட்டுகிறது! வெட்டிய முனையை மைனஸ் பட்டையில் சேர்த்தேன், எல்லாம் சரியாகிவிட்டது. பெரிய நன்றி அண்ணே.

இன்னும் ஒரு தொல்லை: சுவிட்சுகள் பேனலில் இறுகி நிற்கவில்லை. ஓட்டை சரியான அளவுதான், ஆனால் அழுத்தும்போது வெளியே வந்துவிடுகிறது.

நீர்க்கோழி:
தகடு தடிமன். பக்கவாட்டுக் கிளிப் பின்னால் விரிந்து பிடிக்க இடமில்லை. சுவிட்சின் வரைபடத்தில் எவ்வளவு தடிமன் வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். தகட்டின் பின்பக்கம், கிளிப் வரும் இரண்டு ஓரங்களில் மட்டும் அரத்தால் இழைத்துச் சன்னமாக்குங்கள். முன்பக்கம் தெரியாது.

ஓட்டையின் மூலைகளைக் கூராக வெட்டினீர்களா? அக்ரிலிக் அங்கேதான் விரிசல் விடத் தொடங்கும். மூலைகளைச் சிறு வட்டமாக்கி, திருகு ஓட்டைகளைத் திருகைவிட ஒரு மி.மீ. பெரிதாக விடுங்கள். வெயிலில் தகடு விரியும்; இறுக்கிப் பிடித்தால் பழைய பேனலின் கதிதான்.

சங்கிலிப்பிடி:
ஒரு கேள்வி. ஃபியூஸ் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே?

அலைமேல்:
பழைய பேனலில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனித்தனியே ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருந்தது. இடம் போதாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 30 ஆம்பியர் போட்டிருக்கிறேன்.

சங்கிலிப்பிடி:
அதை இன்றைக்கே மாற்றுங்கள். பல்பு மங்கினால் எரிச்சல்தான், இது தீ. நங்கூர விளக்குக்குப் போகும் மெல்லிய ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால், 30 ஆம்பியர் ஃபியூஸ் அறுவதற்கு முன்னால் ஒயர் சூடேறி உறை உருகும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. பேனலில் இடமில்லையென்றால் பின்னால் ஒரு ஃபியூஸ் பெட்டி வைத்து, ஒவ்வொரு கிளைக்கும் அதன் ஒயர் தாங்கும் அளவில் போடுங்கள். பம்புகளுக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவு.

பேட்டரியிலிருந்து வரும் பிரதான ஒயருக்கும் ஃபியூஸ் வேண்டும், பேட்டரி பக்கத்திலேயே. அமெரிக்கப் படகுத் தரமான ஏ.பி.ஒய்.சி. 7 அங்குலத்துக்குள் என்கிறது. ஒயர் உறைக்குழாய்க்குள் போனால் கூடுதல் தூரம் அனுமதிக்கிறது.

பில்ஜ் பம்பின் மிதவை சுவிட்ச் (தண்ணீர் ஏறினால் பம்பைத் தானாக ஓட்டுவது) இந்தப் பேனல் வழியாகப் போகிறதா?

அலைமேல்:
ஆமாம்.

நீர்க்கோழி:
அப்படியென்றால் பேனலை அணைத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போனதும் படகில் தண்ணீர் ஏறினால் பம்ப் ஓடாது. மிதவைக்குப் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு நேர் ஒயர் கொடுங்கள். பேனல் சுவிட்ச் கையால் ஓட்ட மட்டும்.

அலைமேல்:
ஃபியூஸ் பெட்டி மாட்டியாகிவிட்டது, மிதவையும் நேராகப் போகிறது. கிளிப்பும் பிடிக்கிறது. கேபின் விளக்கு, டெக் விளக்கு லேபிள்களை மாற்றி ஒட்டிவிட்டேன் என்பதை இப்போதுதான் பார்த்தேன். பசை நன்றாகக் காய்ந்துவிட்டது.

கட்டுமரம்:
பின்னால் ஒயரை மாற்றுங்கள், லேபிளை விட்டுவிடுங்கள்.