மறு: ஆர்கிட் இலையில் விழும் குறுக்கு மடிப்புக்கு ஒரு சொல்

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஆர்கிட் அருஞ்சொல் பட்டியலுக்காக, இலையில் விழும் குறுக்கு மடிப்புக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடல் இழை நீண்டுகொண்டே போகிறது, நல்லதுதான். ஆனால் எல்லோரும் ஒரே பொருளை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறோமா என்று சந்தேகமாக இருக்கிறது. சிலர் சொல்வது இலை ஓரம் சுருண்டுகொள்வதை. நாம் பெயர் தேடுவது அதற்கல்ல.

ஆன்சிடியம், மில்டோனியாப்சிஸ் என்ற ஆர்கிட்டுகள், இவற்றைக் கலந்து உண்டாக்கிய ரகங்கள் ஆகியவற்றில் போலிக்குமிழின் (நீரைச் சேமிக்கும் பருத்த தண்டின்) அடியிலிருந்து புதுக்குருத்து கிளம்பும். பழைய இலையுறைக்குள் மடிந்து உட்கார்ந்தபடியே நீளும். அந்த நேரத்தில் வேரிலிருந்து போதிய நீர் வராவிட்டால், அல்லது காற்றில் ஈரப்பதம் குறைந்துபோனால், குருத்து உறையோடு ஒட்டிக்கொள்ளும். நுனி நகராது. அடியோ வளர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கும். இடையில் சிக்கிய இலை வேறு வழியில்லாமல் அகலவாக்கில் மடிப்பு மடிப்பாக நெளிந்துவிடும். பிறகு விடுபட்டு வெளியே வந்தாலும் மடிப்பு போகாது. செல்கள் அந்த வடிவிலேயே முற்றிவிடுகின்றன. இதற்குத்தான் சொல் வேண்டும்.

> சுருட்டை என்றே வைத்துவிடலாமே. விவசாயிகளுக்குப் பழகிய சொல்.

பழகிய சொல் என்பதுதான் சிக்கல், ஐயா. மிளகாயில் சுருட்டை விழுந்தால் இலைப்பேன், சிலந்தி, வைரஸ் என்று எதையாவது தேடுகிறோம். நெல்லில் இலைச்சுருட்டுப் புழு, நிலக்கடலையில் சுருள்பூச்சி. மருந்துக் கடையில் போய் ‘சுருட்டை’ என்று வாயைத் திறந்தால் போதும், கடைக்காரர் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்துவிடுவார். இங்கே பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. ஆகவே சுருட்டையும் வேண்டாம், வாலில் ‘நோய்’ என்று ஒட்டவும் வேண்டாம். மற்ற எதிலும் விட்டுக்கொடுப்பேன், இதில் மட்டும் மாட்டேன்.

> ஆங்கிலத்தில் அக்கார்டியன் என்கிறார்கள். துருத்தியிலை?

அக்கார்டியன் இசைக்கருவியிலோ ஆர்மோனியத்திலோ உள்ள மடிப்புத் துருத்தியைப் பார்த்தவருக்குப் படம் சட்டென்று புரியும். பார்க்காதவர் இலை எங்கோ வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது என்று எண்ணிக்கொள்வார். ‘இலை துருத்தியிருக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள், பொருளே மாறிவிடுகிறது.

> கொசுவ இலை.

அருமையான சொல், அம்மா. ஆனால் அதை இதற்குச் செலவழித்துவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கிரவுண்ட் ஆர்கிட் என்று நர்சரிகளில் விற்கிறார்களே, ஸ்பாதோகுளோட்டிஸ் பிளிகாட்டா, அதன் இலையைப் பாருங்கள். அடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் மடிப்புகள் ஓடும். அதன் இனப்பெயரில் உள்ள ‘பிளிகாட்டா’ என்பதே மடிப்புள்ளது என்று பொருள்படும் இலத்தீன் சொல். கலாந்தே, பாயஸ் போன்ற ஆர்கிட்டுகளுக்கும் அப்படித்தான். அது பிறவிக் குணம், ஒரு கோளாறும் இல்லை. சேலையில் கொசுவம் இடுப்பிலிருந்து பாதம்வரை விழுவதுபோல அந்த இலையின் மடிப்பும் நெட்டுவாக்கில் விழுகிறது. ஆகவே கொசுவ இலை என்பதை அந்த இயல்பான இலைக்கே வைத்துக்கொள்வோம். ஆன்சிடியத்தில் விழுவது குறுக்குவாக்கில். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், நன்றாக இருக்கும் ஸ்பாதோகுளோட்டிஸைப் பார்த்துப் புதிதாக வளர்ப்பவர் பயந்துபோவார்.

> காரணத்தையே பெயரில் வைத்தால் என்ன? ‘வறள்மடிப்பு’.

இதைத்தான் நீண்ட நேரம் யோசித்தேன். பெயரே மருந்தைச் சொல்லிவிடும் என்பது உண்மை. ஆனால் பாதி மருந்தைத்தான் சொல்லும். தொட்டி காய்ந்து மடிப்பு விழுவது ஒரு வகை. தினமும் ஊற்றி ஊற்றி வேர் அழுகி, உறிஞ்ச ஆளில்லாமல் மடிப்பு விழுவது இன்னொரு வகை. இலையைப் பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்த்தால்தான் தெரியும். உயிருள்ள வேர் கெட்டியாக, வெள்ளையாக இருக்கும், நனைத்தால் பச்சையோடும். அழுகிய வேரை இரண்டு விரலால் மெல்ல இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வரும், உள்ளே கம்பி மாதிரி ஒரு நார் மட்டும் மிஞ்சும். மண்ணுக்குப் பதில் தொட்டியில் போட்ட மரப்பட்டைத்துண்டு மட்கிப்போனால், அதில் நிற்கும் செடியில் இது சாதாரணம். உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரும் உரமும் சேர்ந்து வேர்நுனியைக் கருக்கினாலும் கதை இதேதான். இந்தச் செடிக்கு ‘வறள்மடிப்பு’ என்று பெயர் சொன்னால் என்ன செய்வார்கள்? இன்னும் ஒரு குடம் ஊற்றுவார்கள்!

ஆகவே காரணத்தைச் சொல்லாமல், வடிவத்தை மட்டும் சொல்கிற பெயர் போதும். என் பரிந்துரை: திரைவு. முழுப்பெயர் குறுக்குத் திரைவு.

நரை, திரை, மூப்பு என்கிறோமே, அந்தத் திரை. தோல் சுருங்குவதும் திரைதல், பால் கெடுவதும் திரைதல். வளைதல், வளைவு; குலைதல், குலைவு; திரைதல், திரைவு. ‘மொசைக்’ என்பதற்கு நம்மவர்கள் தோலிலிருந்து ‘தேமல்’ என்ற சொல்லை எடுத்து வைத்தார்கள். வெண்டையிலும் மரவள்ளியிலும் அது எவ்வளவு இயல்பாக உட்கார்ந்துவிட்டது! அதற்குப் பக்கத்தில் திரைவும் உட்காரும். ‘இலைத்திரை’ என்று மட்டும் சுருக்க வேண்டாம், சினிமாத் திரையும் செல்போன் திரையும் குறுக்கே வரும்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

‘குருத்து விடும் காலத்தில் வேர் காய விட்டால் இலை திரையும்.’

‘திரைந்த இலை நிமிராது. ஆனாலும் வெட்ட வேண்டாம், அது இன்னும் செடிக்கு உணவு தயாரிக்கிறது.’

‘குருத்து உறையோடு ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து விரலால் பக்குவமாகப் பிரித்துவிடலாம்.’

‘நுனிப்பக்கம் திரைவும் அடிப்பக்கம் வழுவழுப்பும் இருந்தால், ஆரம்பத்தில் இருந்த தட்டுப்பாடு பிறகு தீர்ந்துவிட்டது என்று பொருள்.’ (இவ்விலை அடியிலிருந்து வளர்வதால் நுனிதான் மூத்தது.)

எங்கும் இடறவில்லை.

கெய்கிக்கும் ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள். பெலனாப்சிஸின் பூந்தண்டிலும் டென்ட்ரோபியத்தின் தண்டிலும் கணுவில் கிளம்பும் குட்டிச்செடி. வாழைக்கன்று என்று சொல்லும் ஊரில் இதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: கணுக்கன்று. டென்ட்ரோபியத்தில் தழைச்சத்து கூடினால் பூவுக்குப் பதில் கணுக்கன்றாக வரும் என்பதையும் அருஞ்சொல் பட்டியலில் விளக்கமாகச் சேர்த்துவிடலாம்.

ஞாயிறுக்குள் வேறு நல்ல சொல் வராவிட்டால் திரைவு, கொசுவ இலை, கணுக்கன்று மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ஊட்டி நண்பர் தம் மில்டோனியாப்சிஸ் படத்தை அனுப்பும்போது இலையைப் பக்கவாட்டில் வைத்து எடுங்கள்; நேராக எடுத்தால் மடிப்பு தெரிவதில்லை.