சிறிய தரவரிசைப் போட்டியில் புதியவர்களுக்கு நியாயம்: கிளிக்கோ முறை உதவுமா?

வணக்கம். எங்கள் கல்லூரி விடுதியில் ‘ஜீரோ ஏ.டி.’ என்ற கட்டற்ற வியூக விளையாட்டுக்கு, ஒருவரோடு ஒருவர் மோதும் தரவரிசைப் போட்டியை இந்தப் பருவத் தொடக்கத்திலிருந்து நடத்தி வருகிறோம். ஆடுவோர் சுமார் இருபது பேர். வெற்றி தோல்விக்கேற்ப ஒவ்வொருவரின் புள்ளியும் ஏறி இறங்கும் ஈலோ முறையைப் பின்பற்றுகிறோம். தொடக்கப் புள்ளி 1200, ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் மாறக்கூடிய புள்ளியைக் குறிக்கும் கே மதிப்பு 32.

புதிதாகச் சேர்பவர், அதே 1200-இல் நிற்கும் நன்கு பழகியவரோடு மோத நேர்கிறது. பழப்புதர்களில் உணவு சேகரிக்கும் பெண்களை எதிரியின் குதிரைவீரர்கள் தொடக்க நிமிடங்களிலேயே வெட்டிச் சாய்ப்பதால், அவர் படைமுகாம் கட்டி முடிப்பதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போகிறது. இப்படித் தோற்றவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தொடக்கப் புள்ளியை 1000 ஆகக் குறைத்தபோது, பழையவர்கள் சிலர் வேறு பெயரில் கணக்குத் தொடங்கி அங்கும் வந்துவிட்டனர். கணக்கைக் கல்லூரிப் பதிவெண்ணுடன் இணைத்த பிறகே அது நின்றது. புதியவர்களுக்கெனத் தனிப்பிரிவு வைத்தோம், ஆள் சேரவில்லை. பத்து நிமிடப் போர்நிறுத்தம் வைத்தால், பழகியவர் அதற்குள் வளத்தைப் பெருக்கிக்கொண்டு பெரும்படையோடு வருகிறார். தோல்வி தள்ளிப்போகிறதே தவிர மாறவில்லை.

மார்க் கிளிக்மேன் வகுத்த கிளிக்கோ முறையில் புள்ளியோடு அதன் நிச்சயமின்மையும் கணக்கிடப்படுகிறது. புதியவர் 1500 புள்ளியும் 350 விலக்கமும் (அந்த நிச்சயமின்மையின் அளவு) கொண்டு தொடங்குவதால், அவருடைய புள்ளி விரைவாகத் தன் இடத்தை அடையும். அவரை வென்றவருக்குக் கிடைக்கும் ஆதாயமும் குறையும்.

இவ்வளவு சிறிய குழுவில் கிளிக்கோவை நடைமுறைப்படுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: புதியவரின் உண்மையான தரம் ஏறத்தாழ எத்தனை ஆட்டங்களில் தெளிவானது?