தொடரில் உள்ள இரு பிரேக்கர்கள் ஒன்றாக விழுவது ஏன்?

கேள்வி: உப்புவெளியில் எங்கள் பின்வீட்டுக்கு 32 ஆம்பியர் பிரேக்கர் (மின்னோட்டம் மிகும்போது தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகவும், அங்கிருந்து கிணற்று மோட்டாருக்கு 16 ஆம்பியர் பிரேக்கர் வழியாகவும் மின்சாரம் செல்கிறது. மோட்டாரில் குறுஞ்சுற்று ஏற்பட்டபோது இரண்டும் விழுந்து பின்வீடு முழுவதும் இருண்டது. மேலுள்ளதை 40 ஆக மாற்றலாமா?

பதில் 1: வேண்டாம் ஐயா, பிரேக்கர் காப்பது முதலில் கம்பியையே. மிகைச்சுமையில் 16 தனியாக விழும். ஆனால் பி வகை தன் அளவின் 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனே விழுவதால், குறுஞ்சுற்றில் பல நூறு ஆம்பியர் பாயும்போது இரண்டுமே விழக்கூடும்.

கேட்டவர்: மேலுள்ளது பி, கீழுள்ளது சி.

பதில் 2: அப்படியானால் உடனே விழும் எல்லைகள் மேலுள்ளதற்கு 96–160, கீழுள்ளதற்கு 80–160 ஆம்பியர் என ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. சி வகை உடனே விழ அதிக மின்னோட்டம் தேவை என்பதால், நில இணைப்பைச் சோதித்த பின் மேலேயும் சி வகையைப் பொருத்தினால், 160 ஆம்பியர் வரை கீழுள்ளது மட்டும் விழும். அதற்கு மேல், எந்த இணையில் கீழுள்ளது மட்டும் விழும் என்று காட்டும் தயாரிப்பாளரின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். கடற்காற்றில் முனைகள் துருப்பிடித்துள்ளனவா என்றும் பாருங்கள்.