இரவு பேட்டி வீடியோவில் நிழல் பகுதி நாய்ஸ்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கேனான் 60டி, 18-55 கிட் லென்ஸ். 1080பி, 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, எஃப் 5.6 (லென்ஸ் துளை; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்), ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 3200. ஒரே டியூப்லைட் அறை. தலைமுடியிலும் பின்சுவரிலும் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள், அதாவது நாய்ஸ், ஊர்கின்றன. குறை கேமராவில் இல்லை, வெளிச்சத்தில்தான், அது தெரியும்.

ஹைலைட் டோன் பிரையாரிட்டியை (வெள்ளைப் பகுதி வெளிறாமல் காக்கும் கேமரா வசதி) அணைத்தாயிற்று. அது ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறைவாகப் பதிந்து நிழலைத் தூக்கிவிடும், நாய்ஸும் கூடவே ஏறும். பிரகாசத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசரும் அணைத்தாயிற்று, ஷார்ப்னெஸ் 0. ஷட்டரை 1/30க்கு இறக்கினால் கையசைவு இழுபடுகிறது.

50எம்எம் 1.8 லென்ஸ் போட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம், ஐஎஸ்ஓ 320 போதும். ஆனால் பேசுபவர் சற்றே சாய்ந்தாலும் கண் ஃபோகஸை விட்டு விலகும். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800, முகத்துக்கு ஒரு எல்இடி பேனல் என்பது என் கணக்கு. சரிதானா?

இன்னும் இரண்டு சந்தேகங்கள். 160, 320, 640 வரிசை ஐஎஸ்ஓக்கள் 200, 400, 800 சிக்னலைக் கீழிறக்கியவை. நிழல் சுத்தம், ஆனால் வெள்ளை சீக்கிரம் வெளிறும். 800க்குப் பதில் 640 வைத்தால் நெற்றிப் பளபளப்பு தப்புமா?

நாய்ஸ் நீக்கும் மென்பொருளான நீட் வீடியோவை கலர் கிரேடிங்குக்கு (நிறத் திருத்தம்) முன்பே போடுகிறேன். டெம்போரல் ரேடியஸ் (அக்கம்பக்கத்து ஃபிரேம்களோடு ஒப்பிடும் அளவு) 2 ஃபிரேம்; ஸ்பேஷியலை (ஒரே ஃபிரேமுக்குள் மென்மையாக்குவது) கூட்டினால் தோல் மெழுகு பொம்மையாகிறது. லூமா (பிரகாச) நாய்ஸ் நீக்கத்தைக் குறைத்து குரோமா (நிற) நாய்ஸ் நீக்கத்தை மட்டும் ஏற்றுபவர்கள் எந்த அளவில் நிறுத்துகிறீர்கள்?